தெற்குச் சுவரில் வைத்த கல்

கடல் மீன் தொட்டி வைப்பவர்களுக்கு மீன் முக்கியமே இல்லை, கல்தான் எல்லாம் என்பது முன்பே தெரிந்திருந்தால் நான் இந்த வம்பில் மாட்டியிருக்க மாட்டேன். மீனுக்கு ஆசைப்பட்டுத்தான் ஆரம்பித்தேன். கல்லுக்காக ஒரு வருஷம் அலைந்தேன். அந்தக் கல் வந்த பிறகு என் வீட்டில் நடந்ததை இன்றுவரை என் மனைவியிடம் முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். காலையில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவது, சாயங்காலம் பறித்த பழத்தை அளந்து எழுதுவது, நடுவில் எல்லோர் மீதும் எரிந்து விழுவது, இதுதான் முப்பது வருஷ உத்தியோகம். ஓய்வு பெற்றபின் எரிந்து விழ ஆள் இல்லை. மகள் கோவையில் வேலையில் இருந்தாள். நாகலூர் போகும் ரோட்டோரம் நாங்கள் கட்டிய சின்ன வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். அவள் ஓமலூர்ப் பக்கத்துப் பெண். என் கோபத்தையெல்லாம் ரேடியோ போல ஓட விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

கண்புரை எடுக்கச் சேலத்துக்குப் போனபோது அந்த ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு கடல் தொட்டி இருந்தது. ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு மற்றொரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்தது முதல் மலையிலேயே இருந்தவனுக்கு, கடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டியது போல் இருந்தது. அதை வைத்துக் கொடுத்த கடை எது என்று விசாரித்து, கட்டு அவிழ்த்த மறுவாரமே போய் நின்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலை மேல வேண்டாங்க சார். கரண்டு நிக்காது, குளிரு வேற. கலர் மீனு வாங்கி நல்லதண்ணியில உடுங்க" என்றார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதைச் செய்து காட்டுவது என் சுபாவம். தொட்டி, மோட்டார், தண்ணீரைச் சூடாக்கும் குழாய், மூட்டை மூட்டையாகக் கடல் உப்பு, கரண்டு போனால் ஓட ஒரு பேட்டரி என்று எல்லாம் வாங்கிவந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஊட்டுல சோத்துப்பானை எங்க இருக்குதுன்னு தெரியாது. இவரு கடலையே கொண்டாறாராம்" என்றாள்.

கல் விஷயத்தில்தான் முதல் அடி விழுந்தது. தொட்டிக்குள் வைக்கும் கல்லில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் ஆயிரம் இருக்க வேண்டும், அந்த ஓட்டைகளில் குடியேறும் கிருமிகள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மலையில் இருப்பவனுக்குக் கல்லா பஞ்சம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துச் செம்பாறையில் ஒரு துண்டும், மலையடிவாரத்தில் தோண்டி எடுக்கிறார்களே அந்த வெள்ளைக்கல்லில் நாலு துண்டும் கோணிப்பையில் போட்டு அவர் கடைக்கே எடுத்துப் போனேன். வெள்ளைக்கல் பார்ப்பதற்குப் பவளப்பாறை மாதிரியே இருக்கும். அவர் ஒரு சொட்டு வினிகரை அதன் மீது விட்டார். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் நுரைத்துப் பொங்கும். அது சும்மா ஈரமாகிக்கொண்டு கிடந்தது.

"உங்க மலைக்கல்லு பூராம் இரும்பு, அலுமினியம், அது இதுன்னு இருக்குதுங்க. தண்ணியில கரைஞ்சா ஒரு மீனும் தங்காது" என்றார். கடலில் இருந்து பவளக்கல் எடுப்பது குற்றம், அதைக் கேட்கவே கூடாது என்றும் சொன்னார். கடைசியில் சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த செயற்கைக் கல்லைக் கொடுத்தார். மாசக்கணக்காகத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காரம் நீக்கி, தொட்டியில் அடுக்கினேன். இடிந்த கைப்பிடிச் சுவரைத் தண்ணீரில் போட்டது போல் இருந்தது. அதில் ஒரு புழுகூட அண்டவில்லை.

உயிர் பிடித்த கல் ஒன்றாவது நடுவில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக உயிர் பிடித்துவிடும் என்றார் கடைக்காரர். தோசைமாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி போடுவது போலத்தான். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கப் போகிறார், போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்.

அந்த வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாலில் மீனே இல்லாத தொட்டியில் ஏழெட்டுக் கற்கள் கிடந்தன. எல்லாம் சிமெண்டில் வார்த்தவைதான், எட்டு வருஷம் உப்புத்தண்ணீரில் கிடந்து உயிர் பிடித்துவிட்டன என்றார். எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பருமனுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். மோந்து பார்த்தால் கடற்கரைக் காற்று அடிக்க வேண்டும், அழுகல் வாடை அடித்தால் தொடக்கூடாது. ஊதாவும் பச்சையும் படர்ந்து, கைப்பிடி அளவுக்கு உள்ளே குகை விட்ட ஒரு கல் என் கைக்கு வந்தது. பலாப்பழ அளவு. குகைக்குள் விரலை விட்டேன். உள்ளே ஏதோ பின்வாங்கியது. பயத்தில் கையை எடுத்துவிட்டேன், ஆனால் அதுதான் வேண்டும் என்று சொன்னேன்.

ஏன் தொட்டியைக் கலைக்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்மாதாங்க. தண்ணி மாத்த முடியல" என்றார். அதற்குள் சமையலறையில் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்தப் பெரிய கல்லக் குடுத்துட்டீங்களா?" அவர் எனக்குப் பழைய பேப்பர் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா அதையே இரண்டாம் தரமும் கேட்டார். நான் கல்லை ஈரப் பேப்பரில் சுற்றித் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து மூடும்வரை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடி விழுந்த பிறகுதான், "காபி சாப்பிடறீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

மலைக்கு வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழோ எட்டோ கொண்டை ஊசி வளைவு தாண்டியிருக்கும். பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். விரலைச் சொடுக்கியது போல் இருந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "பெட்டியில என்னங்க, கோழியா?" என்று கேட்டார். கல் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்காட்டில் இறங்கும்வரை என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவுமில்லை.

தொட்டியில் போடுவதற்கு முன்பு கல்லைக் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீரில் முக்குங்கள், உள்ளே ஒளிந்திருக்கும் வேண்டாததெல்லாம் வெளியே ஓடிவரும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் முக்கவில்லை. ஒரு வருஷம் அலைந்து உயிருள்ளதாகப் பார்த்து எடுத்துவந்து, அதை நானே கொல்வதா என்ற வீம்பு. அப்படியே தொட்டியின் நடுவில் வைத்தேன். தொட்டி ஹாலில் தெற்குச் சுவரை ஒட்டி இருந்தது. அங்கேதான் பிளக் பாயிண்ட் இருந்தது, வேறு காரணமில்லை.

அதன் பிறகு ஹாலில் உட்கார்ந்தால் தனியாக இருக்கிற எண்ணம் போய்விட்டது. நேரே பார்த்தால் கல்லில் ஒன்றும் இருக்காது. பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தால், ஓரக்கண்ணில் கல் முழுக்க ஏதோ புழுக்களின் மெல்லிய விசிறிகள் விரியும். தலையைத் திருப்பினால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்விடும். நான் பார்க்காதபோது அது என்னைப் பார்க்கிறது என்று தோன்றும். விரல் நீள மீன் ஒன்று வாங்கி விட்டிருந்தேன், ஒரு திங்கட்கிழமை அதைக் காணோம். முள்கூட மிஞ்சவில்லை. நாளுக்கு நாலைந்து தரம் அந்தச் சத்தம் கேட்கும். 'டக்.' குகை விட்ட பக்கத்தில் இருந்துதான் வரும். கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"பிஸ்டல் எறாவா இருக்குமுங்க. ஒத்தக் கொடுக்கு மட்டும் பெருசா இருக்கும். அதச் சொடுக்குனா அப்படித்தான் சத்தம் வரும். நாந்தான் முக்கச் சொன்னனே சார்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

மனைவியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. என் தப்பை நானே எதற்குச் சொல்ல வேண்டும்? அதுவும் போக, அந்த மார்கழியில் எங்களுக்கு வேறு கவலை வந்துவிட்டது. அவள் கழுத்தில் அரைநெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி குத்திப் பார்த்த சேலத்து டாக்டர், தைராய்டில் புற்று வந்திருக்கிறது, தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும், இப்போதே எடுத்தால் பயமில்லை என்றார். நாள் குறித்தார்கள். அவள் பையில் துணியெல்லாம் அடுக்கி வைத்தாள்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், பை காலியாக ஆணியில் தொங்கியது. புடவைகள் அலமாரிக்குப் போயிருந்தன. "இப்ப வேண்டாங்க" என்றாள். ஏன் என்றால், "வேண்டாங்க." அவ்வளவுதான். கத்தினேன். மகள் ஓடிவந்து இரண்டு நாள் அழுதுவிட்டுப் போனாள். தை முடிந்து மாசி வந்தது. அரைநெல்லி பெருநெல்லி ஆனது. எச்சில் விழுங்கும்போது அவள் கழுத்து ஒரு கணம் நிற்பதை நான் பார்த்தேன்.

ஒருநாள் கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "சாகத்தான் போறேன்னு முடிவு பண்ணிட்டயா புள்ள?" என்று கேட்டேன். சிந்திய சோற்றைக் கூட்டி எடுத்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"கவுளிகிட்டக் கேட்டனுங்க. அது வேண்டாம்னு சொல்லிருச்சு."

எங்கள் பக்கம் பல்லிக்குக் கவுளி என்று பேர். மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால், நல்ல திசையில் பல்லி சத்தமிட்டால் ஆகும், கெட்ட திசையில் சத்தமிட்டால் ஆகாது. சத்தம் கேட்டதும் விரலை மடக்கித் தரையிலோ சுவரிலோ மூன்று தட்டுத் தட்டிக்கொள்ள வேண்டும். அவள் பிறந்த ஊரில் வீட்டுக்குப் பத்துப் பல்லி. அவள் எதையும் கேட்காமல் செய்ததில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்படித்தானாம். மலைக்கு வந்த பிறகு குளிர் மாசங்களில் சுவரில் ஒரு பல்லிகூடத் தங்காது. அது அவளுக்குப் பெரிய குறையாகவே இருந்தது. பேச்சுத் துணை போய்விட்ட மாதிரி சொல்லுவாள்.

"மார்கழியில ஏது கவுளி? எங்க இருந்து சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

அவள் தாடையால் காட்டினாள். தெற்குச் சுவர். தொட்டி.

"நான் கேட்டேன், சொல்லுச்சு. செவுத்துல மூணு தடவ தட்டுனேன். தட்டுனதுக்கும் சொல்லுச்சுங்க. இந்த ஊட்டுல இத்தன வருஷத்துல ஒரு கவுளியும் எனக்கு அப்படித் திருப்பிச் சொன்னதில்ல. தெக்குங்க. தெக்கால சொன்னா ஆகாது."

ஏழெட்டுக் கல்லில் இந்தக் கல்லைத் தேடி எடுத்தவன் நான். முக்காமல் வைத்தவன் நான். பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று தெற்கே வைத்தவனும் நான்தான். அந்தக் கல் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு என் மனைவியைச் செத்துப் போ என்று சொல்லியிருக்கிறது. சுவரில் தட்டினால் தொட்டி அதிரும், தொட்டி அதிர்ந்தால் இறால் சொடுக்கும், வேறொன்றும் இல்லை என்று விளக்கினேன். அவள் நான் சொல்வதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "கல்லுக்குள்ள எறா இருந்துட்டு, நான் கேக்கறப்பப் பாத்துப் பதில் சொல்லுதுங்களா?" என்றாள்.

காட்டிவிடுகிறேன் என்று வீம்பாக எழுந்தேன். மறுநாள் பகல். மஞ்சு இறங்கி வாசலில் இருந்த சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. கரண்டு வேறு போயிருந்தது. பேட்டரியையும் நிறுத்திவிட்டேன், சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று. கல்லை இரண்டு கையாலும் தூக்கி, உப்புத்தண்ணீர் நிரப்பிய அண்டாவில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அண்டாவின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினேன். மஞ்சுக்குள் காபிச் செடியில் இருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. இரண்டு பேரும் குனிந்து அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. 'டக்.'

நான் உடனே திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. கடைசியில் திரும்பியபோது திறந்த கதவு வழியே ஹால் இருட்டாகக் கிடந்தது. கல் இங்கே இருந்தது. சத்தம் அங்கே, அதே தெற்கு மூலையில். அவள் எழுந்து, "கல்லு வெளிய கெடக்குது. கவுளி உள்ள சொல்லுது" என்றாள். கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இறால் தொட்டியடி மணலில் வளை தோண்டியிருக்கும், கல்லைத் தூக்கும்போது அங்கேயே தங்கியிருக்கும் என்றார் கடைக்காரர். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் கல்லை மறுபடி தொட்டிக்குள் வைக்கும்போது, அதன் குகைப் பக்கம் என் முகத்துக்கு நேரே வராதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியத்தை எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பார்த்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். சாமி, சகுனம், சாத்திரம் என்று பேச வருகிறவர்களை விரட்டியடித்தவன், தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்டு கௌளி பலன் படித்தேன். தெற்குக்கு நேராக எல்லாம் மோசம். வடக்குக்கு நேராக, நினைத்தது கைகூடும் என்று இருந்தது. சத்தத்தை நிறுத்த முடியாவிட்டால் திசையை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். தெற்குச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று சாக்குச் சொல்லி, பக்கத்து எஸ்டேட்டில் இருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, தண்ணீரை டிரம்மில் இறைத்து, தொட்டியை மணலோடும் கல்லோடும் வடக்குச் சுவருக்கு நகர்த்தினேன். எங்கள் படுக்கையறை வாசல் அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

தொட்டி இடம் மாறிய பிறகு சத்தம் நின்றுபோனது. ஒரு வாரம், இரண்டு வாரம். செத்துவிட்டதோ என்று பயந்தேன். அவள் சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து, மோதிர விரலால் கண்ணாடியில் தட்டிப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் ஒருநாள் பதில் வந்தது. பிறகு தட்டினால் பெரும்பாலும் வந்தது. படுக்கையறை வாசல் திரைக்குப் பின்னால் இருந்து கையை மட்டும் நீட்டிக் கண்ணாடியின் பக்கவாட்டில் தட்டப் பழகினேன். அந்த வயதில், சொந்த வீட்டில், சொந்த மனைவியை ஏமாற்ற ஒரு இறாலோடு ஒத்திகை பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் அவள் போய்விடுவாள்.

பங்குனி பிறந்த வாரம். காலையில் மகள் போனில் அழுதாள். மனைவி போனை வைத்துவிட்டு வடக்குச் சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கேட்பாள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து ஊர் வாழவந்தி வரை போய்விட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரைக் கிளப்பி, கீழ் வளைவில் நிறுத்திவிட்டு, காபிச் செடிகளுக்குள் புகுந்து பின்வாசல் வழியாகப் படுக்கையறைக்குள் வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மஞ்சு ஜன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஹாலில் அவள் நடக்கும் சத்தம். திரைக்குக் கீழே அவள் கால்விரல்கள் தெரிந்தன, மெட்டியோடு. தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

எப்போதும் மனசுக்குள்தான் கேட்பாள். அன்று வீட்டில் யாருமில்லை என்று நினைத்து வாய்விட்டே கேட்டாள்.

"சாமி, அன்னைக்குக் கேட்டதுதான். இன்னொருக்கா கேக்கறேன், கோவிச்சுக்காத. ஆஸ்பத்திரிக்குப் போயி நான் திரும்பி வரலன்னா, அவரு தனியா இருந்துக்குவாருங்களா?"

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

மார்கழியில் அவள் கேட்டதும் இதுதான். பிழைப்பேனா என்று அவள் கேட்கவே இல்லை. நான் தனியாக இருந்துகொள்ள மாட்டேன் என்று பதில் வந்ததால், எனக்காகப் பையில் இருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். தட்டைத் தள்ளிவிட்டுச் சாகப் போகிறாயா என்று நான் கேட்டபோது, அவள் குனிந்து சோற்றைக் கூட்டினாளே, அது நினைவுக்கு வந்தது. இப்போது நான் தட்ட வேண்டும். தட்டினால், நீ இல்லாமல் அவன் இருந்துகொள்வான் என்று அர்த்தம். தட்டாவிட்டால் அந்தக் கட்டியோடு அவள் இந்த வீட்டிலேயே இருப்பாள்.

தட்டினேன். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அத்தனை நாள் ஒத்திகையில் பதில் சொன்னது, அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். மெட்டி தரையில் உரசியது.

நான் நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். 'டக்.'

அவள் அசையாமல் இருந்தாள். நானும் அசையவில்லை. பிறகு, கொஞ்சம் தாமதமாக, தொட்டிக்குள்ளிருந்து, கல்லின் குகை இருந்த பக்கம் இன்னொரு தரம் வந்தது. 'டக்.' நான் விரலை எடுத்து நெடுநேரம் ஆகியிருந்தது. முதல் சத்தம் நான். இரண்டாவது நான் இல்லை.

அவள் சுவரில் மூன்று தட்டினாள். "அப்படிங்களா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பச் செரி" என்றாள். அவள் அழுகிறாளா என்று திரைக்குப் பின்னால் இருந்து எனக்குத் தெரியவில்லை. நான் வந்த வழியே போய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வந்தபோது பை அடுக்கி வைத்திருந்தது.

படிக்கிறவர்களைப் பதைக்க விட எனக்கு விருப்பமில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்: என் மனைவி நன்றாக இருக்கிறாள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு கோடு இருக்கிறது, குரல் கொஞ்சம் கரகரக்கிறது, என்னைத் திட்டும் அளவுக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. தொட்டியும் அங்கேயேதான் இருக்கிறது. அவள் அதன்பின் அதனிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அது மட்டும் எப்போதாவது சொல்கிறது, யாரும் கேட்காமலே. அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது அன்றைக்குச் சொன்னதை நம்பினால், ஒருநாள் நான் தனியாக இருந்துகொள்ளத்தான் போகிறேன்.

ஆனால் அறுவை நடந்த அன்று காலையில் இது எதுவும் தெரியாது. தியேட்டர் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். பச்சைத் துணிக்குள் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மொகத்த ஏனுங்க இப்படி வெச்சிருக்கறீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் வரலன்னாலும் நீங்க இருந்துக்குவீங்க. ஒருக்கா சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். ரெண்டு தடவ சொல்லுச்சுங்க."

இல்லை புள்ள, ஒருநாள்கூட இருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இறங்கி என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று தெரியும்.

"ஆமாம், இருந்துக்குவேன்" என்றேன். அவள் சரி என்பது போல் தலையை ஆட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.